உரிமை: சுயம்புலிங்கம்

டோங்ரி விடுதியின் மாடியறையில்
ஒரு மேசை, மூன்று நாற்காலி,
சுவரோடு சாய்த்த கேரம் போர்டு.
நான் மொழிபெயர்ப்பாள்.
நாளொன்றுக்கு நானூற்றைம்பது, பேருந்துக் காசு தனி.

எதிரில் வேடியப்பன், அரூர்ப் பக்கம்.
பதினொன்று என்றான்.
எலும்பைப் படமெடுத்த டாக்டர் பதின்மூன்று என்றார்.
முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள்,
யாரோ பேனாவை உதறியது போல.

நாட்கர்ணி மேடம் மராத்தியில் சொன்னார்:
இவனுக்கு உரிமைகள் உண்டென்று சொல்லுங்கள்.
சொன்னேன்.
"எனக்கா?
அது ஓனருது, அக்கா.
போர்டுலயே போட்டிருக்கும்."

பவானி முறுக்கு நிலையம், தாராவி.
உரிமை: சுயம்புலிங்கம்.
நாலாம் வகுப்போடு நின்றவன்
இரண்டு வருஷமாகத் தினமும் வாசித்த ஒரே தமிழ்.

இதை மராத்தியில் எப்படிச் சொல்ல?
மேடம் காத்திருந்தார்.
"குழந்தைக்குப் புரியவில்லை" என்றேன்.
பொய். எனக்குத்தான்
அந்தச் சொல் அன்று வரை புரிந்திருக்கவில்லை.

இரவில் வேறு வேலை.
சயான் கோலிவாடாவில், மாமியாரின் டிவி சத்தத்துக்கு நடுவே
தூரதேசத் தீர்ப்புகளைத் தமிழாக்குகிறேன்,
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.
ஸ்ட்ராஸ்பர்கில் ஒரு வழக்கு:
இங்கிலாந்துப் பையன், ஒன்பது வயது.
மாற்றாந்தகப்பன் பிரம்பால் விளாசியிருக்கிறான்.
கண்டிப்புத்தானே என்று உள்ளூர் ஜூரி விட்டுவிட்டது.
கடல் தாண்டி உட்கார்ந்திருந்த நீதிபதிகள்
அப்பனைக் கேட்கவில்லை, அரசைக் கேட்டார்கள்:
உன் சட்டம் ஏன் இவனுக்குக் குறுக்கே வந்து நிற்கவில்லை?

இன்னொன்று குவாத்தமாலா.
தெருவில் வாழ்ந்த ஐந்து பேர். கொன்றது போலீஸ்.
அவர்கள் நினைவாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயரிட வேண்டும்,
கல்லில் அவர்கள் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது தீர்ப்பு.
அந்த வரியோடு கணினியை மூடிவிட்டேன்.
செத்த பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட பெயர்கள்.

மறுநாள் டீ இடைவேளையில்
இதை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்ததைக் கவனிக்காமல் கேட்டான்:
"அந்தக் கோர்ட்டுக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

ஐரோப்பாவுக்கு ஒன்று இருக்கிறது,
அமெரிக்கக் கண்டத்துக்கு, ஆப்பிரிக்காவுக்கு.
நம் பக்கம் இன்னும் தண்டவாளம் போடவில்லை.
ஜெனிவாவில் ஒரு குழு உண்டு, குழந்தைகளே முறையிடலாம்,
அவரவர் நாடு அதற்கான தாளில் ஒப்பியிருந்தால்.
நம் நாடு ஒப்பவில்லை.
இத்தனையும் சொல்லவில்லை நான்.
"ரொம்ப தூரம்" என்றேன்.

படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
குழந்தையின் விருப்பம். இரண்டு வரி இடம்.
உலகம் கூடிப் போட்ட உடன்படிக்கையில்
இந்த மாடி வரை மூச்சிரைக்க ஏறி வந்தது
அந்தக் கட்டம்தான்.
ஊருக்குப் போகணுமா, இங்கே படிக்கிறியா?
"செருப்பு வேணும்."
ஓடிவிடக் கூடாதென்று
வந்த அன்றே கழற்றி வாங்கிப் பூட்டிவிட்டார்களாம்.
எழுதினேன்.
மேடம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம் படித்தார்.
ஆணையில் சேர்த்தார்.

வியாழக்கிழமை கான்ஸ்டபிள் ஷிர்கே கொண்டுவந்தார்.
கைப்பற்றிய பொருள்கள், வரிசை எண் பதினேழு:
ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, நீல வார், இடதில் ஊக்கு.
வேடியப்பன் காலை நுழைத்தான்.
குதிகால் இரண்டு விரற்கடை வெளியே நின்றது.
கழற்றவில்லை.
வராந்தாவின் அந்தக் கோடி வரை
டப், டப் என்று போய்விட்டு வந்தான்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார் ஷிர்கே.
'மாலக்' என்று மராத்தியில் அச்சடித்த இடத்தில் விரலை வைத்தார்.
"என்ன போட்டிருக்கு, அக்கா?"
இந்த முறை தயங்காமல் மொழிபெயர்த்தேன்.

வே, டி என்று அழுத்தி எழுதினான்.
மூன்றாம் எழுத்தில் மை நின்றுவிட்டது.
வேறு பேனா தேடினோம்.